‘இ’ கல்லா, ‘ஐ’ கல்லா? நிச்சயதார்த்த மோதிரம் பற்றி வாசகர்கள் கேட்டவை

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: நிச்சயதார்த்த மோதிரத்துக்கு வைரம் வாங்கும்போது எந்த நிறத் தரத்தில் வாங்குவது? 22 வருடம் வைரங்களுக்கு நிறம் பிரிக்கும் மேசையில் உட்கார்ந்தவள் நான். இப்போது மோதிரம் வடிவமைக்கிறேன். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது என்பதால், மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: எனக்கு விரைவில் நிச்சயதார்த்தம். அவளுக்கு மஞ்சள் தங்கத்தில் ஒற்றைக்கல் மோதிரம் வாங்க ஆசை. இரண்டு கற்கள் காட்டினார்கள். இரண்டும் வட்டம், இரண்டும் 1 கேரட். ஒன்று ‘இ’ (E) நிறம், மற்றது ‘ஐ’ (I) நிறம். விலையில் பெரிய இடைவெளி. ஆனால் அருகருகே வைத்து எவ்வளவு நேரம் பார்த்தும் எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. ‘ஜி’க்குக் கீழே போனால் மஞ்சளடிக்கும் என்கிறான் நண்பன். என் கண்ணில்தான் கோளாறா மேடம்?

பதில்: உங்கள் கண் நன்றாகத்தான் இருக்கிறது தம்பி. நன்றாகப் பட்டை தீட்டிய வட்ட வைரத்தை நேர் மேலிருந்து பார்த்தால், ‘இ’க்கும் ‘ஐ’க்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. ஏன் என்று சொல்கிறேன். அது புரிந்தால் யார் என்ன சொன்னாலும் குழம்ப மாட்டீர்கள்.

‘டி’யில் தொடங்கி ‘இசட்’ வரை போகும் இந்த அளவுகோலை 1950-களில் ஜெமலாஜிக்கல் இன்ஸ்டிட்யூட் ஆஃப் அமெரிக்கா, அதாவது ஜி.ஐ.ஏ., கொண்டுவந்தது. ரிச்சர்ட் லிட்டிகோட் என்பவருக்கு அதில் பெரிய பங்கு உண்டு. அதற்கு முன்பு ஆளுக்கு ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். ஒருவர் ‘ஏ’ என்பார், இன்னொருவர் ‘டபுள் ஏ’ என்பார். அந்தப் பழைய எழுத்துகளோடு குழம்பிவிடக் கூடாது என்றுதான் புதிய அளவுகோலை ‘டி’யில் ஆரம்பித்தார்கள். டி, இ, எஃப் மூன்றும் நிறமற்றவை. ஜி முதல் ஜே வரை கிட்டத்தட்ட நிறமற்றவை. கே, எல், எம் கற்களில் லேசான சாயல் இருக்கும். அதற்கும் கீழே போகப் போக மஞ்சளோ பழுப்போ பார்த்த உடனே தெரியும். மஞ்சளுக்குக் காரணம் பெரும்பாலும் நைட்ரஜன். பூமிக்கு அடியில் வைரம் உருவானபோது கார்பனோடு மிகச் சிறிய அளவில் சேர்ந்துவிட்ட நைட்ரஜன், நீல ஒளியைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்கிறது. மிச்ச ஒளி மஞ்சளாக நம் கண்ணுக்கு வந்து சேர்கிறது.

சரி, இந்த எழுத்தை எப்படி முடிவு செய்கிறார்கள்? கல்லை மோதிரத்தில் பதிப்பதற்கு முன்பே தனியாக எடுத்து, வெள்ளைத் தட்டில் முகம் கீழே படும்படி கவிழ்த்து வைப்போம். பகல் வெளிச்சத்தைப் போன்ற விளக்கு எரியும். அடிப்பக்கக் கூம்பின் வழியாக, பக்கவாட்டில் கல்லைப் பார்ப்போம். அருகில் நிறம் உறுதி செய்யப்பட்ட மாதிரிக் கல் இருக்கும். நேர் முகத்தைப் பார்த்தால் ஒளி தெறிக்கும் வேகத்தில் எங்களுக்கே நிறம் பிடிபடாது. அதனால்தான் கவிழ்க்கிறோம். உங்கள் வருங்கால மனைவியின் விரலில் அந்தக் கல் கவிழ்ந்து இருக்கப் போவதில்லை. நிமிர்ந்து, ஒளியைத் திருப்பி அடித்தபடி, தங்கத்தின் நடுவில் இருக்கும். சான்றிதழில் உள்ள எழுத்து நாங்கள் பார்த்த நிலையைச் சொல்கிறது. அவர் பார்க்கப் போவது வேறு நிலை.

இதில் இன்னொன்றும் உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், சொல்லிக்கொடுத்தவர் 20 கற்களைக் கொடுத்து நிறம் எழுதச் சொன்னார். அதில் ஒன்றுக்கு ‘ஜி’ என்று எழுதினேன். இரண்டு நாள் கழித்து அதே கல்லை வேறு கற்களோடு கலந்து, சொல்லாமல் என் தட்டில் வைத்துவிட்டார். இந்த முறை ‘எச்’ என்று எழுதியிருந்தேன். இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துக் காட்டியபோது எனக்குக் கை நடுங்கிவிட்டது. அவர் கோபப்படவில்லை. அந்தக் கல்லை இடுக்கியால் எடுத்து மாதிரிக் கல்லுக்கு இடது பக்கம் வைத்தார், பார்க்கச் சொன்னார். பிறகு வலது பக்கம் மாற்றினார். ஒரு பக்கம் இருந்தபோது மாதிரியைவிட ஒரு நூலளவு அடர்த்தி, மறுபக்கம் வந்ததும் ஒரு நூலளவு வெளிறல். கல் அதேதான், கண் அதேதான், இடம் மட்டும் மாறியிருந்தது. “ரெண்டு பக்கமும் பார்த்துட்டு அப்புறம் எழுது” என்றார். அன்றிலிருந்து கடைசி நாள் வரை அப்படித்தான் செய்தேன். நல்ல ஆய்வகங்களில் ஒருவர் சொல்வதை மட்டும் நம்பி எழுத்து கொடுக்க மாட்டார்கள். ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் தனித்தனியாகப் பார்ப்பார்கள்.

இதைச் சொல்லக் காரணம், அந்த எழுத்து ஒரு புள்ளி இல்லை, ஒரு பரப்பு. மாதிரிக் கல் அந்தப் பரப்பின் வெளிறிய முனையில் இருக்கும். ‘எச்’ மாதிரியைவிட நிறம் கூடுதலாகவும் ‘ஐ’ மாதிரியைவிடக் குறைவாகவும் இருந்தால் அது ‘எச்’. அப்படியானால் ‘எச்’சின் கடைசியில் நிற்கும் கல்லும் ‘ஐ’யின் முதலில் நிற்கும் கல்லும் பக்கத்து வீட்டுக்காரர்கள். எழுத்து ஒன்று குறைந்துவிட்டதே என்று பயந்து நல்ல கல்லை விட்டுவிட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மனசு கஷ்டப்படும்.

உங்கள் நண்பர் சொன்னது எல்லாக் கல்லுக்கும் எல்லா மோதிரத்துக்கும் பொருந்தாது. உங்களுடையது மஞ்சள் தங்கம். கல்லைச் சுற்றியுள்ள தங்கத்தின் நிறம் கல்லுக்குள் போய்த்தான் வெளியே வரும். ‘இ’ கல்லை வைத்தாலும் ஓரங்களில் அந்த மஞ்சள் படத்தான் செய்யும். இவ்வளவு கொடுத்து வாங்கிய வெண்மையில் ஒரு பகுதி அங்கேயே போய்விடும். அதே தங்கத்தின் பக்கத்தில் ‘ஐ’ கல் வெள்ளையாகவே தெரியும், ஒப்பிட்டுப் பார்க்கக் கண்ணுக்கு அருகிலேயே அதைவிட மஞ்சளான ஒன்று இருப்பதால். பதித்த கல்லுக்கு ஆய்வகங்கள் நிறத்தைத் தோராயமாக மட்டுமே சொல்வதும் இதனால்தான்.

நானாக இருந்தால் ‘ஐ’ கல்லை எடுப்பேன், வெட்டு மிகச் சிறப்பாக இருந்தால். இந்த நிபந்தனையை விட்டுவிடாதீர்கள். பட்டைகளின் கோணமும் ஒழுங்கும் சரியாக இருந்தால் மேலே விழும் ஒளி உள்ளே சுற்றி மறுபடி மேலேயே வரும், கல் டாலடிக்கும். கோணம் தவறினால் ஒளி அடிவழியாக ஒழுகிவிடும். அப்புறம் ‘டி’ ஆனாலும் கண்ணாடித் துண்டு மாதிரி மந்தமாகக் கிடக்கும். நம் பெரியவர்கள் கல்லில் ‘நீரோட்டம்’ பார்த்தார்களே, அதில் நிறமும் தெளிவும் ஒளியும் சேர்ந்தே இருந்தன. எழுத்து வந்த பிறகு நாம் நிறத்தை மட்டும் பிரித்தெடுத்து அதன் பின்னால் ஓடுகிறோம்.

வாங்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். கடையின் மேல்விளக்குகளுக்கு அடியில் எந்தக் கல்லும் அழகாகத்தான் இருக்கும். இரண்டு கற்களையும் ஜன்னலருகே, நேர் வெயில் படாத வெளிச்சத்துக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். கோடு போடாத வெள்ளைத் தாள் ஒன்றை நடுவில் மடித்து ஒரு சிறு பள்ளம் போலச் செய்து, அதில் இரண்டு கற்களையும் முகம் கீழே இருக்கும்படி வையுங்கள். இப்போது பக்கவாட்டில் பாருங்கள். ‘ஐ’யின் கூம்பு முனையில், பட்டைகள் கூடும் இடத்தில், வெண்ணிறத்தின் மேல் ஒரு இளஞ்சூடான சாயல் மெல்லத் தெரியும். அதுதான் நீங்கள் கூடுதல் பணம் கொடுத்து நீக்கப் போவது. பிறகு இரண்டையும் நிமிர்த்தி, விரலிடுக்கில் வைத்து, கையை நீட்டிப் பாருங்கள். அந்தச் சாயல் அப்போதும் உங்கள் கண்ணை உறுத்தினால் ‘ஜி’ அல்லது ‘எச்’சுக்குப் போங்கள். உறுத்தவில்லை என்றால் நிம்மதியாக ‘ஐ’யை வாங்குங்கள். முடிந்தால் உங்கள் வருங்கால மனைவியையும் அழைத்துப் போங்கள். சிலருக்கு நிறம் பிரிக்கும் கண் பிறவியிலேயே கூர்மையாக இருக்கும். வாழ்நாள் முழுக்க அந்தக் கல்லைப் பார்க்கப் போகிறவர் அவர்தானே.

கேள்வி: நான் பிளாட்டினத்தில் எமரால்டு கட் மோதிரம் போட ஆசைப்படுகிறேன். என் தோழி வட்டக்கல்லில் ‘ஐ’ போட்டிருக்கிறாள், அழகாக இருக்கிறது. எனக்கும் அதே போதும்தானே?

பதில்: போதாதம்மா. உங்கள் தோழியின் கல்லில் ஐம்பத்தேழு பட்டைகளும் சேர்ந்து நிறத்தை மறைத்துக் கொடுக்கின்றன. எமரால்டு கட் என்ற செவ்வக வெட்டில் படிக்கட்டு போல நீளமான பட்டைகள், மேலே அகலமான முகம். உள்ளே எட்டிப் பார்க்கிற மாதிரி இருக்கும். அதன் அழகே அந்த அமைதிதான், ஆனால் அதே காரணத்தால் நிறமும் மறைய இடமில்லாமல் வெளியே தெரியும். போதாதற்குப் பக்கத்தில் வெள்ளை உலோகம். நீங்கள் ‘ஜி’யிலிருந்து பார்க்கத் தொடங்குங்கள். 2 கேரட்டுக்கு மேல் போவதாக இருந்தால் ‘எஃப்’ கல்லையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள், கல் பெரிதாகும்போது ஒளி உள்ளே கடக்கும் தூரமும் கூடும், நிறமும் கூடித் தெரியும்.

ஓவல் (நீள்வட்டம்), பேர் (நீர்த்துளி), மார்கீஸ் (இரு முனையும் கூரான படகு) வடிவங்களைப் பற்றியும் சிலர் கேட்டிருக்கிறீர்கள். அவற்றில் நடுப்பகுதி வெள்ளையாக இருந்தாலும் முனைகளில் நிறம் போய்ச் சேர்ந்துகொள்ளும். வெள்ளை உலோகத்தில் என்றால் ‘எச்’சுக்குக் கீழே போகும்போது முனைகளைத் தனியாகப் பாருங்கள். மஞ்சள் தங்கத்தில் அவ்வளவு கவலை வேண்டாம்.

கேள்வி: எனக்குப் பிடித்த ‘ஜே’ கல்லின் சான்றிதழில் ‘ஃப்ளோரசன்ஸ்: ஸ்ட்ராங் ப்ளூ’ என்று இருக்கிறது. அதனாலேயே விலை குறைவு என்கிறார்கள். குறையுள்ள கல்லா?

பதில்: குறை இல்லை, குணம். புற ஊதா ஒளி பட்டால் சில வைரங்கள் மெலிதாக ஒளிரும். ஜி.ஐ.ஏ.வுக்கு வரும் கற்களில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை இந்தக் குணம் உள்ளவை, ஒளிர்பவற்றில் பெரும்பாலானவை நீலமாகவே ஒளிரும். நீலமும் மஞ்சளும் ஒன்றையொன்று ஈடுகட்டும் என்பதால், ‘ஐ’ முதல் ‘எம்’ வரையுள்ள கற்கள் பகல் வெளிச்சத்தில் ஒரு படி வெண்மையாகவே தோன்றலாம். 1997-ல் ஜி.ஐ.ஏ. வெளியிட்ட ஆய்விலும் சாதாரணப் பார்வையாளர்களுக்கு இதனால் கெடுதலாக எதுவும் தெரியவில்லை.

ஒரு சில கற்கள் மட்டும், அதிலும் மிக வலுவாக ஒளிர்பவற்றில் சில, வெயிலில் பால் கலந்த மாதிரி மங்கிவிடும். அதைத் தாளில் கண்டுபிடிக்க முடியாது. கல்லை வெளியே வெயிலுக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். தெளிவாக இருந்தால் வாங்கிவிடுங்கள், உங்களுக்கு அதிர்ஷ்டம்தான். புற ஊதா இல்லாத அறை விளக்கில் அந்தக் கூடுதல் வெண்மை தெரியாது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அங்கேயும் ஒருமுறை பாருங்கள்.

கேள்வி: என் பாட்டியின் மோதிரக்கல்லை என் நிச்சயதார்த்த மோதிரத்தில் வைக்க விரும்புகிறேன். பழைய கையால் தீட்டிய கல். பார்த்தவர்கள் ‘எல்’ அல்லது ‘எம்’ நிறம் இருக்கும் என்கிறார்கள். இரண்டு பக்கமும் நல்ல வெள்ளைக் கற்கள் வைத்தால் நடுக்கல் எடுப்பாக இருக்குமா?

பதில்: வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். இதில் நான் ஒருமுறை பட்டிருக்கிறேன். மோதிரம் வடிவமைக்க வந்த தொடக்கத்தில், ‘கே’ நிறக் கல் ஒன்றை ஓர் இளம்பெண் கொண்டுவந்தார். தனியாகப் பார்த்தபோது இதமான வெள்ளை. இரண்டு பக்கமும் ‘எஃப்’ நிறக் கற்கள் வைத்துக் கொடுத்தேன். மோதிரம் முடிந்து கையில் வாங்கிப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. நடுக்கல் பழுப்பேறிய பல் மாதிரி தெரிந்தது. எந்தத் தவறும் செய்யாத கல் அது, தவறு என்னுடையது. பக்கக் கற்களை எடுத்துவிட்டு ‘ஜே’, ‘கே’ நிறத்தில் இரண்டு தேடிப் பதித்தேன். அன்று அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது.

வைரத்தின் நிறத்தைக் கண் எப்போதும் பக்கத்தில் இருப்பதோடு ஒப்பிட்டுத்தான் சொல்லும். பக்கக் கற்கள் நடுக்கல்லைவிட ஒரு படிக்கு மேல் வெளுத்திருக்கக் கூடாது. சுற்றிலும் சிறு கற்கள் பதிக்கும் ஹாலோ மோதிரத்துக்கும் இதே கணக்குதான்.

உங்கள் பாட்டியின் கல்லை மஞ்சள் தங்கத்திலோ ரோஜாத் தங்கத்திலோ தனியாக வையுங்கள். கல்லைப் பிடிக்கும் நகங்களும் அதே தங்கத்தில் இருக்கட்டும், வெள்ளை நகம் வேண்டாம். அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட கற்களுக்கு ‘கேப்’ என்றொரு பெயர் உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களிலிருந்து வந்த கற்களில் மஞ்சள் சாயல் உள்ளவை நிறைய இருந்ததால், நன்னம்பிக்கை முனையின் பெயரே நிறத்துக்கும் ஒட்டிக்கொண்டது. வெண்மையானவற்றை ‘ரிவர்’ என்றும் ‘வெசல்டன்’ என்றும் சொன்னார்கள், வெசல்டன் ஒரு சுரங்கத்தின் பெயர். கையால் தீட்டிய பழைய கல்லில் பட்டைகள் பெரிதாக, தடிமனாக இருக்கும். விளக்கொளியில் அது சின்னச் சின்னப் பொறியாக மின்னாமல் அகலமான தீப்பிழம்பாக அசையும். வெண்மைக்காக அதைப் புதிய வடிவத்துக்கு மறுபடி தீட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். எடையும் போகும், பாட்டி பார்த்த அந்த ஒளியும் போகும்.

கேள்வி: ஆய்வகத்தில் வளர்த்த வைரம் வாங்கப் போகிறேன். அதில் ‘டி’, ‘இ’ எளிதாகக் கிடைக்கிறதே. அப்படியானால் நிறத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாமா?

பதில்: எழுத்தைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம், சாயலைப் பற்றி யோசியுங்கள். வளர்த்த வைரத்தில் நைட்ரஜன் சேராமல் பார்த்துக்கொள்ள முடியும் என்பதால் வெண்மையான கற்கள் நிறைய வருகின்றன. 2025-ல் ஜி.ஐ.ஏ.கூட இவற்றுக்கு டி, இ, எஃப் என்று எழுத்து கொடுப்பதை விட்டுவிட்டு ‘பிரீமியம்’, ‘ஸ்டாண்டர்ட்’ என்ற இரண்டு பிரிவுகளுக்கு மாறுவதாக அறிவித்தது. ஆனால் வாயுவிலிருந்து படிய வைத்து வளர்த்த சில கற்களில் பழுப்பு அல்லது சாம்பல் சாயல் ஒட்டியிருக்கும். உயர் அழுத்தத்தில் வளர்த்த சிலவற்றில் போரான் காரணமாக நீலச் சாயல் தெரியும். மேலே சொன்ன மடித்த தாளில் வைத்துப் பாருங்கள், இந்தச் சாயல்கள் மஞ்சளைவிட வேகமாகக் கண்ணில் படும்.

கேள்வி: வாங்கி மூன்று வருடம் ஆகிறது. வெள்ளைத் தங்கத்தில் ‘எச்’ கல். இப்போது மஞ்சளாகத் தெரிகிறது. வைரம் நிறம் மாறுமா?

பதில்: சாதாரணமாகப் போட்டுக் கழற்றும் மோதிரத்தில் வைரம் நிறம் மாறாது. இரண்டு காரணங்கள் இருக்கலாம். வெள்ளைத் தங்கத்தின் மேல் ரோடியம் என்ற வெள்ளை உலோகத்தைப் பூசியிருப்பார்கள். அது தேய்ந்தால் அடியில் உள்ள லேசான மஞ்சள் வெளியே வந்து கல்லில் படும், மறுபடி பூசினால் சரியாகிவிடும். அதைவிட அடிக்கடி நடப்பது, கல்லின் அடியில் அழுக்கு சேர்வது. வைரத்துக்கு எண்ணெய்ப் பசையை இழுத்துக்கொள்ளும் குணம் உண்டு. நாம் பூசும் க்ரீம், சோப்பு எல்லாம் கல்லின் கீழே படிந்து காய்ந்துவிடும்.

வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்டு, மோதிரத்தைக் கால்மணி நேரம் ஊற வையுங்கள். பிறகு குழந்தைகள் பல் தேய்க்கும் மெத்தென்ற பிரஷ்ஷால், மேலே தேய்ப்பதைவிட அடிப்பக்கத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். கழுவும்போது தண்ணீர்த் தொட்டியின் துளையை மூடிவிடுங்கள். துடைத்துவிட்டு ஜன்னலருகே பாருங்கள். அப்போதும் மஞ்சள் தெரிந்தால் ரோடியம்தான் காரணமாக இருக்கும். மோதிரத்தின் உள்வளையத்தையும் நகங்களின் முனையையும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.